ஐஸ் மேக்கர் நின்றுவிட்டது: முழு யூனிட்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

ஈசூன்_11

வணக்கம், சிங்கப்பூரிலிருந்து. பக்கவாட்டில் இரண்டு கதவு உள்ள ஃபிரிட்ஜ், வாங்கி நான்கு வருடம். தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைக்கிற ரகம் இல்லை. சிங்க் அடியிலிருந்து கால் அங்குல வெள்ளைக் குழாய் பின்னால் போகிறது. கதவில் குடிநீர் வரும், ஃபிரீசருக்குள் ஐஸ் மேக்கர்.

மூன்று வாரத்துக்கு முன் கட்டிகள் சிறுத்தன. நடுவில் குழி விழுந்து, பாதி அளவில் வந்தன. பிறகு நாளைக்கு ஒரு தட்டு, அப்புறம் அதுவும் இல்லை. இப்போது 9 நாளாக ஒன்றுமே இல்லை. திரையில் ஃபிரீசர் மைனஸ் 18 என்று காட்டுகிறது, மீன் கல் மாதிரி உறைந்திருக்கிறது. ஐஸ் பட்டன் 'ஆன்'தான். அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. கதவில் தண்ணீர் வருகிறது, ஆனால் முன்பு இருந்த வேகம் இல்லை.

வந்து பார்த்த ரிப்பேர்க்காரர் இரண்டே நிமிடத்தில் "ஐஸ் மேக்கர் போச்சு, முழு யூனிட் மாற்றணும், 280 வெள்ளி" என்றார். மாற்றலாமா, இல்லை வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? 12 மாடி பழைய பிளாக், வீடு 11ஆவது மாடியில். இது தேவையான தகவலா என்று தெரியவில்லை.

திருப்புளி

மிகவும் தேவையான தகவல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

280 வெள்ளி பையிலேயே இருக்கட்டும். கட்டி சிறுத்து, குழி விழுந்து, கடைசியில் நின்றது என்கிறீர்கள். யூனிட் அப்படிச் சாகாது. மோட்டாரோ கியரோ போனால் நேற்று வரை முழுக் கட்டி, இன்று ஒன்றுமில்லை. கட்டி நாளுக்கு நாள் இளைத்தால் உள்ளே வரும் தண்ணீர் இளைக்கிறது.

முதலில் ஐஸ் வாளியை வெளியே எடுத்துவிட்டு, டார்ச் அடித்துத் தட்டைப் பாருங்கள். தட்டு காய்ந்து காலியாக இருந்தால் தண்ணீர் வரவில்லை. தட்டு நிறையத் தண்ணீர் உறையாமல் நின்றால் குளிர் போதவில்லை. நன்றாக உறைந்த ஐஸ் தட்டிலேயே உட்கார்ந்திருந்தால்தான் மோட்டார், சென்சர், கியர் பக்கம் போக வேண்டும். அந்த மூன்றாவது வகைக்கு மட்டும்தான் யூனிட் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் சென்சரைச் சோதித்த பிறகு.

திரையில் வரும் மைனஸ் 18ஐ அப்படியே நம்ப வேண்டாம். பல மாடல்களில் நீங்கள் வைத்த அளவைத்தான் அது காட்டும், உள்ளே உள்ள அளவை அல்ல. ஒரு ஃபிரீசர் தெர்மாமீட்டரை உறைந்த பொட்டலங்கள் இரண்டுக்கு நடுவே செருகி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். தட்டு ஏறக்குறைய மைனஸ் 10க்குக் கீழே போனால்தான் சென்சர் 'கொட்டு' என்று சொல்லும். ஃபிரீசரே மைனஸ் 10, 11இல் தடுமாறினால் மீன் கல்லாகத்தான் இருக்கும், ஐஸ் மட்டும் விழாது. உங்கள் கதை அது இல்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து அளக்கும் கப் ஒன்றை எடுத்துக் கதவுக் குழாயை 10 விநாடி அழுத்துங்கள். 180 மில்லிக்குக் கிட்ட வர வேண்டும். பிறகு ஃபில்டரைக் கழற்றி, ஃபிரிட்ஜோடு வந்த பைபாஸ் மூடி (ஃபில்டர் இல்லாமலே தண்ணீரை ஓடவிடும் மூடி) இருந்தால் அதை மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். (சில மாடல்களில் மூடியே வேண்டாம், ஃபில்டர் இல்லாமலே ஓடும். கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இங்கே குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கத் தகுந்தது, ஃபில்டர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டுவதால் ஒன்றும் ஆகாது. மூடி போட்டதும் அளவு தடாலென்று ஏறினால் குற்றவாளி ஃபில்டர். ஏறாவிட்டால் அடைப்பு அதற்கும் முன்னால்.

கடைசியாக, ஐஸ் மேக்கரின் முன்பக்கமோ அடியிலோ சின்ன 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். தட்டு திரும்புகிறதா, பழைய நிலைக்கு வருகிறதா, அதன் பிறகு பின்னால் வால்வு 'ம்ம்ம்' என்று முனகுகிறதா, தட்டில் தண்ணீர் விழுகிறதா? நாலுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். அழுத்தும் முன் தட்டு காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஃபிரீசர் முழுக்கக் கொட்டும்.

ஈசூன்_11

அண்ணே, பார்த்துவிட்டேன். தட்டு காலி, காய்ந்து கிடக்கிறது. தெர்மாமீட்டர் காலையில் மைனஸ் 17. கதவுக் குழாயில் 10 விநாடிக்கு 70 மில்லி. பைபாஸ் மூடி போட்டால் 80. டெஸ்ட் பட்டன் அழுத்தினால் தட்டு திரும்புகிறது, திரும்பி வருகிறது, பின்னால் ஐந்தாறு விநாடி முனகல் கேட்கிறது. தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை. தட்டுக்கு மேலே தண்ணீர் ஊற்றும் வெள்ளை மூக்கு ஒன்று இருக்கிறதே, அதன் நுனியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஐஸ் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

திருப்புளி

அந்த மூக்கு நுனி ஐஸ்தான் உடனடிக் காரணம். அதை மட்டும் உருக்கிவிட்டால் நாலு நாளில் மறுபடி அடைக்கும். ஏன் அடைத்தது என்று புரிந்துகொண்டு கையை வையுங்கள்.

தட்டு திரும்பியது, வால்வு முனகியது. ஆகவே மோட்டார், அதை இயக்கும் மின்னணு போர்டு, வால்வைத் திறக்கும் மின்சுருள் மூன்றும் வேலை செய்கின்றன. ரிப்பேர்க்காரர் மாற்றச் சொன்ன யூனிட் குற்றமற்றது.

பின்னால் இருக்கும் தண்ணீர் வால்வு சுருளின் பலத்தால் மட்டும் மூடுவதில்லை. உள்ளே ரப்பர் சவ்வு ஒன்று, அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியாகச் சவ்வுக்கு மேலே நிறையும் தண்ணீர் தன் அழுத்தத்தால் சவ்வைக் கீழே தள்ளும், வாய் அடைபடும். எனவே வரும் அழுத்தம் குறைந்தாலோ, துளையில் கசடு உட்கார்ந்தாலோ சவ்வு இறுக மூடாது. நிரப்பி முடித்த பிறகும் சொட்டு சொட்டாகக் கசியும். மைனஸ் 17இல் இருக்கும் மூக்கில் சொட்டு வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சொட்டும் சுவரில் ஒட்டி உறைந்து, வழி சுருங்கி, ஒரு நாள் முழுசாக அடைபடும். வேகமாக ஓடும் தண்ணீர் உறைவதற்குள் தட்டில் விழுந்துவிடும், கசிவுதான் வில்லன்.

இப்போது உங்கள் 11ஆவது மாடிக்கு வருவோம். பெரும்பாலான ஃபிரிட்ஜ்கள் கேட்பது குறைந்தது 1.4 பார் நீர் அழுத்தம், அதாவது 20 பிஎஸ்ஐ. பழைய பிளாக்குகளில் மேல் மாடிகளுக்குக் கூரைத் தொட்டியிலிருந்துதான் தண்ணீர் இறங்கும். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்று கணக்கு. உங்கள் குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே ஒன்பது பத்து மீட்டர் இருந்தால் 1 பாரையே தொடுவது கஷ்டம், பிளாக்கில் பூஸ்டர் பம்ப் இருந்தாலொழிய. நான்கு வருடமாக விளிம்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. புதிதாக ஒரு சின்ன அடைப்பு வந்து கீழே தள்ளிவிட்டது. அந்த அடைப்பைத்தான் தேட வேண்டும். என் சந்தேகம்: சமீபத்தில் கூரைத் தொட்டி கழுவினார்களா? ஆண்டுக்கு ஒரு முறை கழுவியே ஆக வேண்டும். கழுவிய பின் வரும் முதல் தண்ணீரில் வண்டல் இருந்தால் அது முதலில் போய் உட்காருகிற இடம் உங்கள் வால்வின் நுழைவாயில் வலை.

செய்ய வேண்டியது இது. முதலில் சிங்க் அடியில் உள்ள ஸ்டாப் வால்வை மூடுங்கள். தண்ணீர் நிற்கும் வரை கதவுக் குழாயை அமுக்கி மிச்ச அழுத்தத்தை வெளியே விடுங்கள், மின்சாரம் இல்லாமல் அது திறக்காது. அதன் பிறகுதான் ஃபிரிட்ஜ் பிளக்கைச் சுவரிலிருந்து உருவ வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஃபிரிட்ஜை முன்னால் இழுக்கும்போது வெள்ளைக் குழாய் மடியாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இழுத்ததும் குழாயை ஒரு முறை முழுக்கத் தடவிப் பாருங்கள். ஃபிரிட்ஜ் சுவரோடு ஒட்டி நின்ற இடத்தில் குழாய் மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும், நிமிர்த்திவிட்டால் சரியாகாது.

பின்னால் குழாய் நுழையும் இணைப்பைக் கழற்றி, முனையை வாளிக்குள் விட்டு, ஸ்டாப் வால்வைத் திறந்து 30 விநாடி அளக்கவும். அரை லிட்டருக்கு மேல் தாராளமாக வந்தால் வீட்டுக் குழாய் சரி, அடைப்பு வலையில். நூல் மாதிரி வந்தால் ஸ்டாப் வால்வில், அல்லது வீட்டுக் குழாயிலிருந்து இந்தக் குழாய் பிரியும் டீ ஜாயின்ட்டில் அடைப்பு. (திருகினால் குழாயில் ஊசி குத்தித் துளை போடும் ரக வால்வாக இருந்தால் மறுபேச்சு வேண்டாம், ஒழுங்கான டீ போட்டுவிடுங்கள். அந்தத் துளை சீக்கிரம் அடையும்.)

வலை என்பது நுழைவாயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் விரல்தொப்பி மாதிரியான சின்னச் சல்லடை. நோஸ் பிளையரால் நடுக் குமிழைப் பிடித்து நேராக இழுத்தால் வரும். பழைய பல் துலக்கியால் ஓடும் தண்ணீரில் எதிர்ப்பக்கமாகத் தேயுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். கண்ணி ஒன்று கிழிந்தாலும் மண் நேரே சவ்வுத் துளைக்குப் போகும், அப்புறம் வால்வையே மாற்ற வேண்டி வரும்.

மூக்கில் உள்ள ஐஸுக்கு: யூனிட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவையும் கொக்கியையும் எடுத்து, ஒயர் பிளக்கைக் கழற்றி யூனிட்டை வெளியே வையுங்கள். கீழே தடித்த துண்டு விரியுங்கள். மருந்து கொடுக்கும் 20 மில்லி சிரிஞ்சில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து மூக்குக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சுங்கள். பத்து நிமிடத்தில் உருகும். ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி, ஆட்டிக்கொண்டே. ஒரே இடத்தில் காட்டினால் உள் சுவர் பிளாஸ்டிக் உப்பிவிடும். கம்பி, கத்தி எதுவும் உள்ளே போகக் கூடாது.

எல்லாம் மாட்டி, பிளக் போடும் முன்னால் கடைசிச் சோதனை. ஸ்டாப் வால்வை மட்டும் திறந்து, மூக்கு நுனிக்குக் கீழே ஒரு டிஷ்யூவை வைத்து 15 நிமிடம் விடுங்கள். மின்சாரம் இல்லாதபோதே டிஷ்யூ நனைந்தால் சவ்வு மூடவில்லை, வால்வு மாற்ற வேண்டும். காய்ந்திருந்தால் பிளக் போடலாம்.

வால்வு வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். ஒன்று, இரண்டு, மூன்று வாய் என்று வித்தியாசம் உண்டு. சுருளில் 220-240 வோல்ட் என்று இருக்கிறதா, 12 வோல்ட் டிசி என்று இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். மாற்றி மாட்டினால் போர்டு போகும்.

மல்டிமீட்டர்

திருப்புளி அண்ணன் தண்ணீர்ப் பக்கத்தை முடித்துவிட்டார். இதைத் தேடி வந்து படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு 'ஐஸ் தட்டில் இருக்கிறது, விழவில்லை' என்ற பிரச்சினை இருக்கும், அவர்களுக்காக:

யூடியூபில் ஐஸ் மேக்கர் முகப்பைக் கழற்றி, 'டி', 'எச்' என்று எழுதிய இரண்டு ஓட்டைகளில் ஒயர் செருகி ஓட்டிக் காட்டும் வீடியோக்கள் நிறைய. அது அமெரிக்காவின் 120 வோல்ட் மாடலுக்கானது. நம் ஊர்ச் சுவரில் வருவது 230 வோல்ட், இங்கே விற்கும் பல ஃபிரிட்ஜ்களின் ஐஸ் மேக்கரோ போர்டிலிருந்து வரும் 12 வோல்ட் டிசியில் ஓடுகிறது. அந்த வித்தையை இங்கே செய்தால் கையையோ போர்டையோ எரிப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து ஃபிரிட்ஜைக் கப்பலில் கொண்டுவந்து டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. ஆகையால் அந்தப் பழைய ரக ஐஸ் மேக்கர் மோட்டார் மெதுவாகச் சுற்றி, 7.5 விநாடி நிரப்ப வேண்டியதை 9 விநாடி நிரப்பும். தட்டு வழிந்து எல்லாம் ஒரே பாறையாகும். நீர் அளவு ஸ்க்ரூவில் அரைச் சுற்றுக்கு ஏறக்குறைய 20 மில்லி குறையும்.

சரி, நம்ம ரகத்துக்கு வருவோம். கம்பிக் கை மேலே தூக்கி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். வாளியில் ஒரு கட்டி குறுக்கே நின்று கையைத் தாங்கிக்கொண்டிருந்தால் 'நிறைந்துவிட்டது' என்று யூனிட் சும்மா இருக்கும். கை இல்லாமல் ஒளிச் சென்சர் உள்ள மாடலில் இரண்டு கண்ணையும் மெல்லிய துணியால் துடையுங்கள், பனி படிந்தால் அதுவும் 'நிறைந்தது' என்றே சொல்லும். கதவு சுவிட்சையும் மறக்க வேண்டாம். அது சிக்கிக்கொண்டால் கதவு திறந்திருப்பதாக நினைத்துப் பல மாடல்களில் ஐஸ் மேக்கர் ஓடாது.

அடுத்து தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் வெப்பச் சென்சர். பிளக்கை உருவி, ஒயரைக் கழற்றி, அறை வெப்பத்தில் ஒரு முறை ஓம் (மின்தடை) அளவு எடுங்கள். பிறகு ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் சென்சர் தலையை மட்டும் ஐந்து நிமிடம் அமுக்கி அளங்கள். நம் ஊர் 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு வரும்போது அளவு மூன்று நான்கு மடங்கு ஏற வேண்டும். ஏறவே இல்லை, அல்லது ஏறி உடனே சரிகிறது என்றால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. குளிரக் குளிர ஓம் ஏறும் ரகம் இது. ஈரத்தால் ஓம் குறைவாகவே தெரிந்தால் 'இன்னும் சூடாக இருக்கிறது' என்று போர்டு காத்துக்கொண்டே இருக்கும். ஐஸ் தட்டில் தூங்கும். சென்சர் மட்டும் சில வெள்ளிதான், மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவர் பக்கம் அதே ஓம் அளவில் தேடலாம், ஆனால் தலையை ஈரம் புகாதபடி நன்றாக மூட வேண்டும்.

மோட்டார் உறுமுகிறது, தட்டு அசையவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் கியர் பல் தேய்ந்திருக்கும். அது ஒன்றுதான் யூனிட்டையே மாற்றச் சொல்லும் கேஸ்.

பனி பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊர் ஈரப்பதத்தில் கதவு ரப்பரில் சின்ன இடைவெளி போதும், ஐஸ் அறை முழுக்கப் பனி கட்டும். ரப்பருக்கு நடுவே தாள் வைத்து மூடி இழுத்துப் பார்க்கும் சோதனையை 2 வெள்ளி நோட்டில் செய்யாதீர்கள், அது பிளாஸ்டிக், நல்ல ரப்பரிலும் வழுக்கிக்கொண்டு வரும். ஏ4 தாளைக் கீற்றாக வெட்டி நான்கு பக்கமும் பாருங்கள்.

தெம்பனிஸ்_கிச்சன்

தொட்டி வைக்கிற ஜப்பானிய ரகம் இங்கே நிறைய வீட்டில் இருக்கிறது, குழாய் இழுக்க வழியில்லாத வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) சமையலறைகளுக்கு அதுதானே வசதி. அவர்களுக்கு மேலே சொன்ன வால்வு, அழுத்தம் எதுவும் கிடையாது. வேறு மாதிரி நிற்கும்.

தொட்டிக்குள் கீழ் மூலையில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், பம்ப் அதுதான். அதற்கு ஒயர் கிடையாது, உள்ளே காந்தம். ஃபிரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் மோட்டார் காந்தத்தால் அதைச் சுற்றும். அதனால் தொட்டி அரை அங்குலம் வெளியே நின்றாலே சக்கரம் சுற்றாது. 'டக்' என்று உட்காரும் வரை தள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி விரலால் தடவினால் வழவழவென்று பாசி மாதிரி இருக்கும். அதைக் கழுவினாலே பாதி வீடுகளில் ஐஸ் வந்துவிடும். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். கழுவி மாட்டும்போது சக்கரத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டு 'இப்போது சுத்தமாக வரவில்லை' என்பவர்கள் அதிகம்.

நம்ம வீடுகளில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைத்தான் தொட்டியில் ஊற்றுவோம். அதில் குளோரின் போயிருக்கும், பாசி சீக்கிரம் பிடிக்கும். இந்த ஃபிரிட்ஜ்களின் கையேடுகள் குழாய்த் தண்ணீரையே ஊற்றச் சொல்வது அதனால்தான். கொதித்த தண்ணீர்தான் வேண்டும் என்றால் தொட்டியை அடிக்கடி கழுவுங்கள். சர்பத், ஜூஸ், ஐசோடோனிக் பானம் எதையும் ஊற்றக் கூடாது.

ஃபிரிட்ஜ் பகுதியை ஆகக் குளிரில் வைத்தால் தொட்டிக்குப் பின்னால் உள்ள குழாய் உறையும். நடுநிலைக்குக் கொண்டுவந்து ஒரு நாள் விடுங்கள். ஐஸ் பெட்டியில் இறால் பொட்டலம் வைத்தாலும் கை அதில் தட்டி 'நிறைந்தது' என்று நின்றுவிடும்.

ஈசூன்_11

வந்துவிட்டது! லிஃப்ட் பக்கத்து நோட்டிசை இன்றுதான் கவனித்தேன், மூன்றரை வாரத்துக்கு முன் கூரைத் தொட்டி கழுவியிருக்கிறார்கள். வாளிச் சோதனையில் 30 விநாடிக்கு 600 மில்லி. வலையை இழுத்தால் காபித் தூள் மாதிரி பழுப்பு வண்டல் முக்கால்வாசி அடைத்திருந்தது. கழுவி, மூக்கை சிரிஞ்சால் உருக்கி மாட்டினேன். டிஷ்யூ காய்ந்தே இருந்தது. கதவுக் குழாய் இப்போது 10 விநாடிக்கு 165 மில்லி. நேற்று ராத்திரி முதல் தட்டு விழுந்தது, முழுக் கட்டி.

இரண்டு கேள்வி. 165 போதுமா? ஃபில்டர் போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது, மாற்ற வேண்டுமா?

திருப்புளி

165 போதும், ஆனால் அது பைபாஸ் மூடியோடு அளந்ததா? ஃபில்டரை மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். 130க்குக் கீழே இறங்கினால் வழக்கமான ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டாம், வலையைத் தாண்டிய மண் ஃபில்டரில்தான் இருக்கும், இப்போதே மாற்றுங்கள். புது ஃபில்டர் போட்டதும் எட்டுப் பத்து லிட்டர் தண்ணீரைக் கதவு வழியே ஓட்டிவிடுங்கள், செடிக்கு ஊற்றலாம். முதல் இரண்டு மூன்று தட்டு ஐஸை சிங்கில் கொட்டுங்கள்.

கட்டி மறுபடி சிறுத்தால் முதலில் மூக்கு நுனியைப் பாருங்கள். அங்கே ஐஸ் இருந்தால் சவ்வுத் துளையில் மண் போயிருக்கிறது, வால்வு மாற்றும் நேரம். பூஸ்டர் பம்ப் மாட்டலாமே என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். குழாயில் நேரே பம்ப் மாட்ட விதிமுறை உண்டு, லைசென்ஸ் உள்ள பிளம்பரைக் கேட்காமல் செய்யாதீர்கள். பக்கத்து வீடுகளிலும் தண்ணீர் மெலிந்திருந்தால் அது நகர மன்றத்திடம் சொல்ல வேண்டிய விஷயம்.

அடுத்த வருடம் லிஃப்ட் பக்கத்தில் தொட்டி கழுவும் நோட்டிஸ் ஒட்டினால், முந்தின ராத்திரியே சிங்க் அடி ஸ்டாப் வால்வை மூடி, ஐஸ் பட்டனையும் அணைத்துவிடுங்கள். கழுவி முடிந்து தண்ணீர் வந்த பிறகு சமையலறைக் குழாயைத் தண்ணீர் தெளியும் வரை ஓட்டிவிட்டு அப்புறம் திறங்கள்.